போனிலா, மெயிலிலா, சைட்டிலா?

பொங்கலுக்கு முந்திய வாரத்தில் அலங்காநல்லூர்ப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையில் நின்றாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். சல்லிக்கட்டில் காளையை அவிழ்க்க விரும்புகிறவரும், மாடு பிடிக்க இறங்குகிறவரும் மதுரை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிந்து, சான்றுகளை ஏற்றி, தகுதி உறுதியானபின் டோக்கனை இறக்கிக்கொள்ள வேண்டும் என்ற முறை வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியொரு நாளில் ஐம்பது வயது மதிக்கத்தக்க காளைக்காரர் ஒருவர், ஓரம் தெறித்த கைபேசியைக் கடைப்பையனிடம் நீட்டி, "டோக்கன் வந்துருச்சுப்பா, ஒரு பிரிண்டு போட்டுக் குடு" என்றார். பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டு இருக்கு மாமா? போன்லயா, மெயில்லயா, சைட்லயா?" என்று கேட்டான். "போன்லதாம்ப்பா, இந்தா தெரியுதுல்ல" என்று அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். திரையில் தெரிந்தது மாவட்ட இணையதளத்தின் பக்கம். டோக்கன் இன்னும் அவருடைய கைபேசிக்குள் வரவே இல்லை.

இணையம், மின்னஞ்சல் பற்றிய சொற்களை விளக்கும் அகராதிகளைவிடப் பையனின் அந்தக் கேள்வியில் பொருள் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்பதைச் சொல்பவைதான். கையடக்கக் கருவியில் அந்த இடவேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை. கைபேசிக்குள்ளேயே கிடக்கும் படமும், எங்கோ ஒரு நாட்டின் கணினியில் கிடக்கும் கடிதமும், இன்னும் பாதி வழியில் நிற்கும் கோப்பும் ஒரே கண்ணாடியில், ஒரே விரல் தொடுதலில், ஒரே மாதிரி தெரிகின்றன.

முன்பு இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் என்ற பெட்டி கீச்சிட்டுத் தொடர்பை எடுக்கும். எடுத்தபின் அந்தத் தொலைபேசியில் யாரும் பேச முடியாது. பின்னர் மதுரையின் மாசி வீதிகளிலும் கல்லூரி வாசல்களிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, மணிக்கணக்கில் காசு கொடுத்து, முடிந்ததும் வெளியேறி வந்தோம். உள்ளே போவதும் வெளியே வருவதும் அப்போது உடலால் செய்த காரியங்கள். கைபேசியோ எப்போதும் உள்ளேயே இருக்கிறது. நாம் உறங்கும்போதும் அஞ்சலை வாங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் இணையத்தையும் வலையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். உலகத்துக் கணினிகளை ஒன்றோடொன்று தொடுக்கும் கம்பிகள், கடலடி வடங்கள், கோபுரங்கள், அவற்றில் செய்தி போகும் முறைக்கான விதிகள் எல்லாம் சேர்ந்ததே இணையம். அமெரிக்காவில் 1969 அக்டோபர் 29 அன்று இரண்டு கணினிகளுக்கு இடையே போன முதல் செய்தியில் இதன் வேர் இருக்கிறது; 'லாகின்' என்று அனுப்ப முயன்று, முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அமைப்பு முடங்கிவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் விதிமுறைக்கு அந்த வலையமைப்பு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. வலை என்பது அதற்கெல்லாம் பின்னால் வந்தது. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் அதை முன்மொழிந்தார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தொட்டுத் தாவும் ஏற்பாடு அது. மின்னஞ்சல் வலையைவிட ஏறக்குறைய இருபது ஆண்டு மூத்தது. ஆக, சாலை வேறு, அதில் ஓடும் வண்டிகள் வேறு. வலை ஒரு வண்டி, அஞ்சல் இன்னொரு வண்டி, வாட்ஸ்அப் மூன்றாவது வண்டி. "நெட் வேலை செய்யவில்லை" என்று நாம் சொல்லும்போது சாலை மூடியிருக்கிறதா, ஒரு வண்டி மட்டும் பழுதா என்று பார்ப்பதற்கு எளிய வழி, வேறொரு வண்டியைத் தொட்டுப் பார்ப்பதுதான்.

இந்தச் சாலையில் எதுவும் முழுதாகப் போவதில்லை. அனுப்பும் ஒவ்வொன்றும் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேல் இருப்பதில்லை. பைட் என்பது கோப்பின் அளவைச் சொல்லும் சிற்றலகு; ஏறக்குறைய பத்து லட்சம் பைட் சேர்ந்தது ஒரு எம்பி. கைபேசியில் எடுத்த 3 எம்பி அளவுள்ள படம் ஒன்று ஏறக்குறைய இரண்டாயிரம் பொட்டலங்களாகக் கிளம்புகிறது. ஒவ்வொன்றின் மேலும் போகவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். வழியில் சில தொலைந்தால் அவற்றை மட்டும் மறுபடி கேட்டு வாங்கி, மறுமுனைக் கணினி அடுக்கிச் சேர்க்கிறது. பேருந்தில் போகும்போது பாதி ஏறிய படம் நின்று, மறுபடி நகர்வதற்குக் காரணம் இதுவே. திரையில் சுற்றும் வட்டம் பொட்டலங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கான அறிவிப்பு. அந்த நேரத்தில் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினால் ஒரே விண்ணப்பம் இரண்டு முறை போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

"வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரலை" என்ற புலம்பலும் இடக்குழப்பம்தான். வைஃபை என்பது கைபேசிக்கும் சுவரில் மாட்டிய ரவுட்டர் பெட்டிக்கும் இடையிலுள்ள சில அடித் தூரத்து வானொலித் தொடர்பு மட்டுமே. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகும் கம்பியை எங்கோ ஜேசிபி அறுத்திருந்தால், வைஃபைக் குறி முழுதாக எரிந்துகொண்டிருக்கும், இணையம் மட்டும் இருக்காது. மொபைல் டேட்டாவிலும் அப்படியே. கோடுகள் காட்டுவது கோபுரம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை; அந்தக் கோபுரத்தில் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கரையில் நின்று காணொளி அனுப்ப முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேகத்தின் கணக்கில் ஒரு சின்னச் சூது இருக்கிறது. விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது வினாடிக்கு 100 மெகாபிட். கோப்பின் அளவை நாம் பார்ப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அந்த 100, கோப்புக் கணக்கில் வினாடிக்கு 12.5 எம்பிதான், அதுவும் வழி முழுக்கத் தடையில்லாமல் இருந்தால். விற்பவர் சொல்வது பொய் இல்லை. படியில் அளந்து சொன்னதை நாம் மரக்கால் என்று எடுத்துக்கொள்கிறோம்.

குறுஞ்செய்தி இந்தச் சாலையிலேயே வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அது தொலைபேசி வலையமைப்பின் சொந்த வழியில் வருகிறது. ஆகவேதான் டேட்டா தீர்ந்துபோன கைபேசிக்கும் வங்கியின் ஓடிபி வந்து சேர்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டே போதும் என்பதால் அதற்குள் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் ஒரு குறிக்கு இரண்டு பைட் ஆவதால் 70 குறிகள்தான். அதிலும் நாம் ஓரெழுத்தாக எண்ணுவதைக் கணினி அப்படி எண்ணுவதில்லை. 'மதுரை' நமக்கு மூன்றெழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறையில் மகரம், தகரம், உகரக்குறி, ரகரம், ஐகாரக்குறி என்று ஐந்து. இணையப் பக்கங்களிலும் அஞ்சலிலும் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால் ஊர்ப்பெயர் 15 பைட் பிடிக்கிறது. இது ஒன்றும் பெரிய சுமையில்லை. ஒரு படத்தின் இடத்தில் ஒரு முழு நாவலையே வைக்கலாம்.

இனி முகவரி. மாவட்ட இணையதளத்தின் முகவரி 'மதுரை.என்ஐசி.இன்' என்பது, தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இதை இடமிருந்து வலமாகப் படித்து 'மதுரை' என்ற சொல்லைக் கண்டதும் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் அதிகாரம் வலப்பக்கத்தில் இருக்கிறது. தபால் உறையில் பெயர், கதவு எண், தெரு, ஊர் என்று சிறிதிலிருந்து பெரிதாக எழுதுகிறோம். பிரிக்கிற ஊழியரோ கடைசி வரியிலுள்ள 625001 என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். இணைய முகவரியையும் அப்படியே பின்னாலிருந்து படிக்க வேண்டும். 'இன்' என்பது இந்தியா. 'என்ஐசி' என்பது அரசின் தேசிய தகவலியல் மையம். அதற்குள் ஓர் அறை 'மதுரை'. என்ஐசி என்றோ கவ் என்றோ முடிந்து அதன்பின் இன் வரும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன. ஏமாற்றுக்காரர் செய்வது, 'மதுரை.என்ஐசி.இன்-டோக்கன்.காம்' என்பது போல ஒன்றை உருவாக்குவது. பின்னாலிருந்து படித்தால் 'காம்', அதற்கு முன் 'இன்-டோக்கன்'. யார் வேண்டுமானாலும் காசு கட்டிப் பதிந்துகொள்ளக்கூடிய பெயர் அது. அதன் இடப்பக்கத்தில் எதை எழுதிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. கைபேசித் திரை குறுகலானது என்பதால் நீண்ட முகவரியின் ஒரு துண்டு மட்டுமே தெரியும். முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டு முழுவதையும் வாசிக்காமல் எந்தச் சான்றையும் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், அடுத்த சாய்கோடு வரைக்கும்தான் முகவரி. அதற்கு அப்பால் வருவதெல்லாம் வீட்டுக்குள் எந்த அறை, எந்த அலமாரி என்ற விவரம்.

இந்தப் பெயர்களெல்லாம் மனிதருக்காக. கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். அந்த எண் ஐபி முகவரி. பழைய முறையில் கிடைக்கக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடிதான் என்பதால், பற்றாக்குறை வந்து, இப்போது மிக நீண்ட எண்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். டிஎன்எஸ் என்று கைபேசி அமைப்புகளில் தென்படுவது அதுதான். முகவரியைத் தமிழிலேயே தட்டும் வழியும் உண்டு. '.இந்தியா' என்று முடியும் பெயர்கள் பதிவுக்குக் கிடைக்கின்றன. நம் ஆட்கள் அதிகம் சீந்துவதில்லை.

முகவரிக்கு முன்னால் வரும் எச்டிடிபிஎஸ் என்பதையும் பூட்டுப் படத்தையும் பற்றி ஒரு தப்பெண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. பூட்டு இருந்தால் தளம் நம்பத்தக்கது என்று நெடுநாள் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அந்தக் கடைசி 'எஸ்' சொல்வது, உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் பொட்டலங்களை இடையில் இருப்பவர் பிரித்துப் படிக்க முடியாது என்பதை மட்டும். மறுமுனையில் இருப்பவர் திருடராக இருந்தால், திருடரோடு நீங்கள் பத்திரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கூகுள் குரோம் உலாவி 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்ததற்கு இந்தத் தப்பெண்ணமே காரணம்.

உலாவி என்றதும் அடுத்த குழப்பம். பக்கத்தைத் திறந்து காட்டும் செயலி உலாவி; குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி போன்றவை. பக்கங்களைத் தேடித் தருவது தேடுபொறி. ஆண்ட்ராய்டு கைபேசியில் உலாவி, தேடுபொறி, அஞ்சல், படக்கிடங்கு, செயலிக் கடை ஐந்தும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால், எல்லாவற்றையும் 'கூகுள்' என்று சொல்லிவிடுகிறோம். அதைவிடக் கெடுதலான ஒன்று, நம்மில் பலருக்குத் தமக்கொரு மின்னஞ்சல் முகவரி இருப்பதே தெரியாதது. செல்லூரில் இருக்கும் என் அத்தை புதுக் கைபேசி வாங்கியபோது, செயலிக் கடையைத் திறக்கக் கணக்கு வேண்டும் என்று கடைப்பையனே ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். முகவரி, கடவுச்சொல், மீட்பு எண் மூன்றையும் அவனே போட்டான். மீட்பு எண் அவனுடைய சொந்த எண். இரண்டு வருடம் கழித்துக் கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதுக் கைபேசி பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. பையன் கடையை விட்டுப் போயிருந்தான். பேத்தியின் காதுகுத்துப் படங்களும் அத்தனை தொடர்பு எண்களும் பத்திரமாக அந்தக் கணக்கில் இருக்கின்றன. அத்தைக்குத்தான் உள்ளே போக வழியில்லை. "படம்லாம் போன்ல இருந்துச்சு, போனோட போச்சு" என்றுதான் அத்தை இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பயனர் கணக்கு, கடவுச்சொல், மீட்பு எண் என்ற மூன்று சொற்களையும் கடை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் @ குறியை 1971-இல் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்தார். யாருடைய பெயரிலும் வராத குறி, 'இன்ன இடத்தில்' என்ற பொருளும் அதற்கு உண்டு. இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவருடைய அஞ்சல் இருக்கும் கணினி. பெயருக்கு முன்னால் முதலெழுத்தும் புள்ளியும் வைத்து வாழ்கிற நமக்கு ஒரு தகவல் உதவும். ஜிமெயிலில் ஆளின் பெயருக்குள் வரும் புள்ளிகள் கணக்கில் இல்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். வேறு சேவைகளில் அப்படியென்று உறுதியாக இருக்க முடியாது. புள்ளி மாறினால் ஆளே மாறலாம்.

அஞ்சல் பெட்டி கைபேசிக்குள் இல்லை. அது அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் வழங்கிக் கணினியில், அதாவது சர்வரில், இருக்கிறது. கைபேசி அதைப் பார்க்கும் சன்னல். இங்கேதான் அமைப்புகளில் பயமுறுத்தும் மூன்று சுருக்கப் பெயர்கள் வருகின்றன. எஸ்எம்டிபி என்பது அனுப்பும் முறை. 1982-இல் ஜான் போஸ்டெல் வகுத்தது. பாப், ஐமேப் இரண்டும் வாங்கிப் படிக்கும் முறைகள். தல்லாகுளம் தபால் நிலையத்தில் உங்களுக்கு ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வந்த கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது பாப். பெட்டியைத் திறந்து அங்கேயே நின்று படித்துவிட்டு, கடிதங்களை அங்கேயே விட்டுவிட்டு வருவது ஐமேப். ஒரே ஒரு கணினி வைத்திருந்த காலத்தில் பாப் போதுமானதாக இருந்தது. கைபேசி, அலுவலகக் கணினி, மகளின் டேப்லெட் என்று மூன்று சன்னல்கள் ஆனபின், ஒன்று அள்ளிக்கொண்டு போனால் மற்ற இரண்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இன்று பெரும்பாலான கைபேசிகள் ஐமேப் போன்ற முறையில்தான் இயங்குகின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு. கைபேசியில் இடம் போதவில்லை என்று அஞ்சலை அழிக்கிறவர், பெட்டியிலிருந்தே அழிக்கிறார். அலுவலகக் கணினியிலும் அது மறைந்துவிடும். ஜிமெயிலில் குப்பைக்குப் போனது 30 நாள் அங்கே கிடக்கும், பிறகு தானே அழியும். எரிதம் எனப்படும் ஸ்பேம் கூடைக்கும் அதே 30 நாள்தான். எதிர்பார்த்த நேர்காணல் கடிதம் உள்பெட்டியில் இல்லையென்றால் முதலில் துழாவ வேண்டிய இடம் அந்தக் கூடை.

"நான் அனுப்பிட்டேன்" என்பவரும் "எனக்கு வரலை" என்பவரும் இருவரும் உண்மை பேசும் சந்தர்ப்பங்கள் உண்டு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கடிதம் 'அவுட்பாக்ஸ்' என்ற இடத்துக்குப் போகிறது. அது இன்னும் கைபேசிக்குள்தான், வாசல் திண்ணை. அங்கிருந்து வழங்கிக் கணினி வாங்கிக்கொண்ட பிறகே 'சென்ட்' என்ற பெட்டிக்கு நகரும். டேட்டா இல்லாத இடத்தில் அழுத்திவிட்டுக் கைபேசியை அணைத்தவரின் கடிதம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும். இன்னொரு வகை, போய்ச் சேராமல் திரும்பி வருவது. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தால் பலர் பயந்து அழித்துவிடுகிறார்கள். அது பேய் இல்லை. யாரும் கூப்பிடாமலே பின்னணியில் காவல் இருக்கும் நிரலுக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர். நம் ஊர் எல்லையில் நிற்கும் முனிக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். முகவரி தப்பா, பெட்டி நிறைந்துவிட்டதா, கோப்பு பெரிதா என்ற காரணம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கும்.

அஞ்சல் எழுதும் பக்கத்திலுள்ள கட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதியவர் அனைவருக்கும் பெறுநர், பொருள், நகல் மூன்றும் பழக்கம். 'டு' என்பது பெறுநர். 'சப்ஜெக்ட்' என்பது 'பொருள்: ... தொடர்பாக' என்று நாம் எழுதும் அதே வரி. 'சிசி' என்பது தட்டச்சுக் காலத்தில் கார்பன் தாள் வைத்து எடுத்த நகல். மனுவின் அடியில் 'நகல்' என்று போட்டு வட்டாட்சியர் பெயரையும் எழுதுகிறோமே, அது. 'பிசிசி' மட்டும் நம் மனுவில் இல்லாதது. யாருக்கு நகல் போகிறது என்பதை மற்றவர் அறியாதபடி அனுப்பும் மறைநகல். ஐம்பது பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பும்போது, ஐம்பது பேரின் முகவரியும் ஐம்பது பேருக்கும் தெரியாமலிருக்க இதுவே முறை.

இப்போது நம் மொழியே உண்டாக்கிய ஒரு சிக்கல். 'இணைப்பு' என்ற ஒரே சொல்லை மூன்று காரியத்துக்கு வைத்திருக்கிறோம். இணையத் தொடர்பும் இணைப்பு. கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் கோப்பும் இணைப்பு. தொட்டால் வேறிடம் கூட்டிப்போகும் சுட்டியும் இணைப்பு. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று கடிதம் வந்தால் எதைப் பார்ப்பது? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதில்லை. கோப்பைச் சேர்த்து அனுப்பினால் பெறுபவரிடம் ஒரு படி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் உங்களுடையதை அழித்தாலும் அவருடையது இருக்கும். சுட்டியை அனுப்பினால் போவது முகவரிதான். பொருள் பழைய இடத்திலேயே இருக்கிறது. நாளைக்கு அதை அழித்தாலோ அனுமதியை எடுத்தாலோ அவர் தொடும்போது ஒன்றும் இருக்காது. ஆகவே சேர்த்து அனுப்பும் கோப்புக்கு மட்டும் 'இணைப்பு' என்றும், தொடுவதற்குச் 'சுட்டி' என்றும், மற்றதற்குத் 'தொடர்பு' என்றும் நான் எழுதிவருகிறேன்.

மின்னஞ்சல் முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டது. படத்தையும் பாட்டையும் சேர்த்து அனுப்பும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான நதானியல் போரன்ஸ்டீன் முதல் இணைப்பை அனுப்பியது 1992 மார்ச் 11 அன்று. இன்றுவரை படத்தை எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அஞ்சல் சுமந்து செல்கிறது. அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினால் கோப்பு கூகுள் டிரைவில் ஏறி, அஞ்சலில் சுட்டி மட்டும் போகும். இணைப்பு என்று நினைத்து அனுப்பியது அப்படித்தான் சுட்டியாக மாறிவிடுகிறது. கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிடிஎஃப் என்பது தாள், ஜேபெக் என்பது படம். ஏபிகே என்று முடிந்தால் அது தாளும் இல்லை, படமும் இல்லை, நிறுவிக்கொள்ளும் செயலி. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே, குறுஞ்செய்தியைப் படித்து ஓடிபியைக் களவாடவே வருகிறது. எந்த மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கும் செயலியை நிறுவிப் பத்திரிகை பார்க்க வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

கிளவுட் என்று சொல்லும் மேகம் வானத்தில் இல்லை. அது வேறொருவரின் கட்டடத்தில் ஓடும் கணினி. கூகுள் கணக்கில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை அஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் இப்போது அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. காலை வணக்கப் படங்களும் குழுக் காணொளிகளும் காப்பெடுத்துக் காப்பெடுத்து அந்த 15 ஜிபி நிரம்பினால், ஒருநாள் அஞ்சல் வருவதே நின்றுபோகும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பையனுக்கு, பெரியப்பா அனுப்பிய பூங்கொத்துக் காணொளிகளால் தன் பெட்டி அடைபட்டிருப்பது எப்படித் தெரியும்? இன்னொன்று, இரண்டு இடத்தையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவுக்கும், தனியாக ஒரு படி எடுத்து வைக்கும் காப்புக்கும் உள்ள வேறுபாடு. கூகுள் படச் செயலியில் காப்பெடுத்த ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலும் போகும், மேகத்திலும் போகும். 'இடத்தை விடுவி' என்ற பொத்தானை அழுத்தினால் கைபேசிப் படி மட்டும் போகும். இரண்டு பொத்தான்களும் ஒரே செயலியில் இருக்கின்றன.

குக்கி என்பது தளம் உங்கள் கருவியில் வைத்துவிட்டுப் போகும் சிறு அடையாளச் சீட்டு. மறுமுறை போகும்போது யாரென்று கேட்காமல் உள்ளே விடுவது அதனால்தான். சொந்தக் கைபேசியில் அது வசதி. கடைக் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து, வெளியேறு பொத்தானை அழுத்தாமல் எழுந்து வந்தால், அடுத்து உட்காருகிறவரை உங்கள் பெயரில் உள்ளே விடும் சீட்டும் அதுவே.

அலங்காநல்லூர்க் காளைக்காரரிடம் திரும்புகிறேன். பையன் பக்கத்தைக் கீழே தள்ளி, பதிவிறக்கப் பொத்தானைக் காட்டினான். டோக்கன் கைபேசியின் 'டவுன்லோட்ஸ்' அறைக்குள் இறங்கியது. அங்கிருந்து கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னான். வந்ததை இறக்கித் தாளில் எடுத்தான். அந்த ஒரு டோக்கன் இப்போது மாவட்ட வழங்கியில் ஒன்று, அவர் கைபேசியில் ஒன்று, அவருடைய அனுப்பிய பெட்டியில் ஒன்று, கடையின் உள்பெட்டியில் ஒன்று, கடைக் கணினியில் ஒன்று, கையில் தாளாக ஒன்று. டோக்கனுக்கு முன்னால் அவருடைய ஆதார் நகலும் இதே வழியில் போய்வந்திருந்தது. கடைசி நான்கு எண்ணை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையமே இறக்கிக்கொள்ளத் தருகிறது என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பையனும் நல்லவன்தான். "சிஸ்டத்துல இருக்கிறத அழிச்சிரவா மாமா?" என்று கேட்டான்.

"எதுக்குப்பா? இருக்கட்டும்" என்றார் அவர், தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி. "தொலைஞ்சுபோச்சுன்னா நாளைக்கு உன்கிட்டதான வந்து வாங்கணும்."